கரி என்பது யார்? மாருதி 800 இன்ஜினில் ஓடிய பந்தயக் காரின் கதை

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி மாதம். எங்கள் கல்லூரிப் பையன்கள் பதினாலு பேர், ஒரு மினி லாரி, லாரியில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பந்தயக் கார். கோயம்புத்தூருக்கு வெளியே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிகாலை நாலரை மணி. எட்டு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நாங்களே குழாய் வளைத்து, வெல்டிங் வைத்து, 390 சி.சி. பைக் இன்ஜினைப் பின்னால் வைத்துச் செய்த கார் அது. உலகத்திலேயே அப்படி ஒரு கார் ஒன்றுதான் உண்டு. (அது பெருமைக்காக மட்டும் சொல்வதில்லை. இன்னொன்று செய்ய எங்களாலேயே முடியாது என்பதும் உண்மை :-) )

வாசலில் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஒருத்தன் ஆரம்பித்தான். "கரி மோட்டாரா? கறி மோட்டாரா?" இரவெல்லாம் பிஸ்கட் தின்று வந்த கூட்டம், சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. டயர் கரி, புகைக் கரி என்று ஆளுக்கு ஒரு விளக்கம். அது ஒரு மனிதரின் பெயர் என்று எங்கள் பதினாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது. இத்தனைக்கும் எல்லாரும் ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் படிக்கிறவர்கள்.

மாணவர் ஃபார்முலா போட்டிகளில் கார் ஓடுவதற்கு முன்னால் பல பரிசோதனைகள் உண்டு. காரை 60 டிகிரி சாய்த்து நிறுத்துவார்கள், ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகக் கூடாது. உட்கார்ந்திருப்பவன் ஐந்தே விநாடியில் வெளியே குதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில் பிரேக் டெஸ்ட். காரை வேகமாக ஓட்டி வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாக லாக் ஆகி நிற்க வேண்டும். எங்கள் காரில் மூன்று நின்றது. பின்னால் இடது பக்கச் சக்கரம் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஆறு தடவை... அதோடு முடிந்தது. பிரேக் டெஸ்ட் தேறாத காருக்கு ஓடுகிற போட்டி எதிலும் இடமில்லை. அடுத்தவர்கள் காரை வேடிக்கை பார்த்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம்.

சும்மா உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளில்தான் கரி என்பது யார் என்று விசாரித்தேன். ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. இந்தக் கட்டுரை அதன் விளைவு.

கதை கோவையில் தொடங்கவில்லை, சோழவரத்தில் தொடங்குகிறது.

சென்னையிலிருந்து செங்குன்றம் தாண்டி ஆந்திரா பக்கம் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது சோழவரம். எங்கள் லால்பேட்டைக்காரர்களுக்கு அந்தப் பெயர் வேறு விதத்தில் தெரியும். 2004இல் இருந்து எங்கள் வீராணம் ஏரித் தண்ணீரைக் குழாய் வழியாகக் குடிக்கிற சென்னைக்குத் தண்ணீர் தரும் இன்னொரு ஏரி சோழவரம் ஏரி. அந்த வட்டாரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானம் போனது, நீளமான கான்கிரீட் மட்டும் மிஞ்சியது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. ஓடுதளத்தில் எண்ணெய் டிரம்களையும் வைக்கோல் கட்டுகளையும் வைத்து வளைவு உண்டாக்கி, அதையே பந்தயத் தளமாக்கினார்கள். ஏறக்குறைய 1980களின் கடைசி வரைக்கும் இந்தியாவின் மோட்டார் பந்தயத்துக்கு மெக்கா என்றால் இந்தப் பழைய ஓடுதளம்தான்.

என் பெரிய மாமா 1980களில் மண்ணடியில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை லீவில் கூட்டாளிகளோடு பஸ் ஏறிப் போய் இரண்டு முறை சோழவரம் ரேஸ் பார்த்திருக்கிறார். "என்ன மாமா பார்த்தீங்க?" என்று கேட்டால், "வெயிலைத்தான் பார்த்தேன்டா" என்பார். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தூரத்தில் ஒரு புள்ளி தெரியும், சத்தம் பிறகு வரும், முகத்தில் புழுதி அடித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அது இன்னும் போகவில்லை.

அங்கே என்னென்ன ஓடின? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அந்தக் கால இந்தியாவில் சாதாரண ஆள் வாங்கக்கூடிய கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1489 சி.சி. அம்பாசடர், 1089 சி.சி. ஃபியட், 1961இல் வந்த 948 சி.சி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இதில் ஹெரால்டு நம்ம ஊர் வண்டி, சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர்ப் பக்கம் செய்தது. வெளிநாட்டுக் கார் கொண்டுவர லைசென்ஸ், தலை சுற்றுகிற சுங்கவரி. பந்தயக் கார் என்று சொல்லிக்கொண்டு ஒன்றை இங்கே யாரும் தொழிற்சாலையில் செய்யவில்லை. ஆகவே இரண்டு வகை ஆட்கள்தான் வேகமாக ஓட முடியும்.

முதல் வகை, எப்படியாவது வெளிநாட்டுக் காரைக் கொண்டுவர முடிந்தவர்கள். கோண்டல் சமஸ்தானத்து அரச குடும்பத்தவர் சோழவரத்தில் ஓட்டினார். பிறகு விஜய் மல்லையா வந்தார். அவர் ஓட்டியது என்சைன் என்ற நிஜமான ஃபார்முலா ஒன் கார்! நினைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் ஃபார்முலா ஒன் கார், இன்னொரு பக்கம் இருக்கையைக் கழற்றிப் போட்ட ஃபியட். ரேக்ளா பந்தயத்தில் காங்கேயம் காளைக்குப் பக்கத்தில் பந்தயக் குதிரையைக் கட்டின மாதிரி.

இரண்டாம் வகை, தாங்களே செய்துகொண்டவர்கள். இதற்கு ஆங்கில பந்தய உலகில் ஒரு பெயர் உண்டு, 'ஸ்பெஷல்'. ஒரு காரின் சட்டம், இன்னொரு காரின் இன்ஜின், பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஏதோ ஒன்று, மேலே கையால் தட்டிய தகரம். ஒரே ஒரு கார், ஒரே ஒரு ஆளுடைய மூளை. ஹெரால்டு போன்ற வண்டி இதற்குத் தோதானது. அதன் மேல்கூடு போல்ட் போட்டு மாட்டியதுதான். கழற்றி எடுத்தால் கீழே முழுச் சட்டம் சக்கரங்களோடு தனியாக நிற்கும், அதற்கு மேல் உங்கள் இஷ்டம். அம்பாசடரையோ ஃபியட்டையோ அப்படி உரிக்க முடியாது, கூடும் சட்டமும் ஒன்றாக வார்த்த மாதிரி இருக்கும்.

இந்த ஸ்பெஷல்கள் உலகம் முழுக்க இருந்தவை. 1948இல் லண்டனில் காலின் சாப்மன் என்ற மாணவர் தன் காதலியின் அப்பா அம்மா வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பழைய ஆஸ்டின் 7ஐ உரித்து ஒரு கார் செய்தார். அதுதான் முதல் லோட்டஸ். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ஹாலிவுட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மேக்ஸ் பால்சவ்ஸ்கி, 'ஓல்டு யெல்லர்' என்று ஒரு மஞ்சள் காரைச் செய்தார். ப்யூக் இன்ஜின், பார்க்கச் சகிக்காத தோற்றம், ஃபெராரிகளைத் துரத்தி அடித்தது. படிக்க ரொம்ப நன்றாக இருக்கும். எனக்கும் இந்தக் கதைகள்தான் முதலில் பிடித்தன. நாங்கள் கார் செய்ய இறங்கியதே இப்படிப்பட்ட ஒரு கதையைப் படித்துத்தான்.

ஆனால் ஒற்றைக் காருக்கு ஒரு சாபம் உண்டு. உடைந்தால் அதைச் செய்தவருக்கு மட்டும்தான் சரி செய்யத் தெரியும். ஜெயித்தால் காரால் ஜெயித்ததா, ஓட்டியவரால் ஜெயித்ததா என்று யாருக்கும் தெரியாது. செய்தவர் சலித்துப் போனாலோ பணம் தீர்ந்தாலோ கார் கொட்டகையில் துருப்பிடிக்கும். பதினாறு வயதுப் பையன் ஒருத்தன், அப்பாவிடம் பணமில்லை, ஆனால் ஓட்டுவதில் சூரன் என்று வையுங்கள். ஸ்பெஷல் உலகத்தில் அவனுக்கு இடமே இல்லை. முதலில் அவன் ஒரு பொறியாளராகவோ ஒரு மகாராஜாவாகவோ பிறந்தாக வேண்டும்.

இப்போது கோவைக்கு வருவோம்.

சுந்தரம் கரிவரதன், 1954இல் பிறந்தவர். லட்சுமி மில்ஸ் குடும்பம். ரேஸ் உலகம் முழுக்க அவரைக் கூப்பிட்டது 'கரி'. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ரேஸ் பைத்தியம் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். மல்லையாவுக்கும் அதே பைத்தியம் இருந்ததே? வித்தியாசம் என்னவென்றால் கரி ஓட்டியதோடு நிற்கவில்லை, செய்தார்.

கோவையாக இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பஞ்சாலைகள் வந்தன, பஞ்சாலை இயந்திரம் பழுது பார்க்க லேத்துப் பட்டறைகள் வந்தன, பம்ப்செட் செய்ய வார்ப்படப் பட்டறைகள் வந்தன. அந்த ஊரில் ஒரு தெருவில் பேட்டர்ன் செய்வார்கள், அடுத்த தெருவில் வார்ப்பார்கள், அதற்கடுத்த தெருவில் கடைந்து தருவார்கள். ஜி.டி. நாயுடு அங்கே ரேஸரில் இருந்து ரேடியோ வரை செய்து பார்த்தவர். 1952இல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் போகிற சின்ன கார் ஒன்றைச் செய்தார், அரசாங்கம் உற்பத்திக்கு லைசென்ஸ் தரவில்லை என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த சோகக் கதை. கரி வளர்ந்தது அந்த ஊரில். எதையும் வாங்குவதற்கு முன்னால் "இதை நாமே செய்தால் என்ன?" என்று கேட்கிற ஊர் அது.

1983 டிசம்பர் 14. டெல்லியில் இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியை ஒரு வாடிக்கையாளரிடம் கொடுக்கிறார். நம் அப்பாக்கள் எல்லாரும் அதை மலிவான குடும்பக் கார் என்று பார்த்தார்கள். பந்தயக் கார் செய்கிற ஆள் அதைத் திறந்து பார்த்தால் கண்ணில் படுவது வேறு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், மெக்கானிக்கல் படிக்காத நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். அம்பாசடரில் இன்ஜின் முன்னால் இருக்கிறது, ஓடுகிற சக்கரம் பின்னால். நடுவில் கியர்பாக்ஸ், அப்புறம் காரின் நீளத்துக்கு ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், அப்புறம் கனமான பின் ஆக்சிலும் டிஃபரன்ஷியலும். பந்தயக் காரில் இன்ஜின் ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அப்போதுதான் எடை நடுவில் விழும், வளைவில் கார் சொன்னபடி கேட்கும். அம்பாசடர் இன்ஜினைத் தூக்கிப் பின்னால் வைத்தால் அந்த ஷாஃப்டை எங்கே கொண்டு போவது? இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இடமே இல்லை. அதற்கென்று தனியாகச் செய்த பந்தய கியர்பாக்ஸ் வேண்டும். அது வெளிநாட்டில்தான் கிடைக்கும். அதன் விலையில் இங்கே இரண்டு அம்பாசடர் வாங்கலாம்.

மாருதி 800 முன் சக்கரத்தில் இழுக்கிற வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின். அதோடு நாலு கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டாக இருக்கும். இரண்டு பக்கமும் குட்டையாக இரண்டு டிரைவ் ஷாஃப்ட் நீட்டிக்கொண்டு நேராக முன் சக்கரத்துக்குப் போகும். அந்தக் கட்டை முழுசாகக் கழற்றி, ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, அதே ஷாஃப்டைப் பின் சக்கரத்தில் மாட்டிவிட்டால்? முன் சக்கர வண்டி பின் சக்கர வண்டியாகிவிடும். வெளிநாட்டு கியர்பாக்ஸ் வேண்டாம். எல்லா உதிரியும் எந்த ஊர் மாருதி கடையிலும் கிடைக்கும், காட்டுமன்னார்கோவில் மெக்கானிக் கூட பிரித்து மாட்டுவார்.

இன்ஜினுக்கு முன்னால் குழாய்ச் சட்டம், ஒரே ஒரு இருக்கை, மேலே ஃபைபர் கிளாஸ் கூடு, மூடப்படாத நாலு சக்கரம். 1988இல் கரி இந்தக் காரைக் கொண்டுவந்தார். முழுப் பெயர் ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி இன்ஜின். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபிஸ்மி' என்றார்கள். ஜனங்கள் வாயில் ஃபார்முலா மாருதி.

சக்தி? சாதாரண மாருதி 800க்குச் சுமார் 40 குதிரைத்திறன். எங்கள் மாணவர் காரில் போட்ட பைக் இன்ஜினுக்கே அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஃபார்முலா மாருதியைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். என் வகுப்பிலேயே ஒருத்தன், "ஸ்கூல் பசங்களைக் கூட்டிட்டுப் போற வேன் இன்ஜின்டா அது" என்றான். ஆம்னி வேனிலும் அதே 796 சி.சி. இன்ஜின்தான், மறுக்க முடியவில்லை.

ஆனால் அவன் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்தக் கார் ஒன்று அல்ல, ஒரே மாதிரி பல. எல்லாருக்கும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ், அதே சட்டம். பக்கத்துக் காரைவிட நீ முன்னால் வருகிறாய் என்றால் அதற்கு ஒரே காரணம், நீ நன்றாக ஓட்டுகிறாய்.

இந்த யோசனை கரி கண்டுபிடித்தது அல்ல. 1963இல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இன்ஜினை வைத்து ஃபார்முலா வீ தொடங்கினார்கள். 1967இல் இங்கிலாந்தில் சாதாரண ஃபோர்டு கார் இன்ஜினை வைத்து ஃபார்முலா ஃபோர்டு. அந்த ஃபார்முலா வீயில் ஓட்டிய ஒரு பையன்தான் நிக்கி லவுடா. ஃபார்முலா ஃபோர்டில் ஓட்டியவர்களில் ஜேம்ஸ் ஹன்ட் உண்டு, 1981இல் அயர்டன் சென்னா உண்டு. ஏழை நாட்டுக்குப் பந்தயம் வேண்டுமென்றால் இதுதான் வழி என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்வதற்கும் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் செய்து காட்டுவதற்கும் நடுவில் தூரம் அதிகம். ஒரு கார் செய்வதில் உள்ள பாடு எனக்குத் தெரியும். அதே காரை மறுபடி, ஒரு மில்லிமீட்டர் மாறாமல் இன்னொன்று செய்வது பத்து மடங்கு பாடு. எங்கள் காரின் வலது பக்கமும் இடது பக்கமுமே ஒன்றுபோல் வரவில்லை, அப்புறம்தானே அடுத்த கார்!

நேரமும் கூடி வந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சொந்தமாக ஒரு தளம் கட்டியது. சுமார் 3.7 கிலோமீட்டர், நிஜமான வளைவுகள், பந்தயத்துக்கென்றே போட்ட சாலை. சோழவரம் கதை முடிந்தது. புதுத் தளம், புதுக் கார், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொண்டன.

கோவையில் ஜி.ஆர். கார்த்திகேயன் என்று பெயர் பெற்ற ராலி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவர் மகன் நரேன், 1977இல் பிறந்தவர். அந்தப் பையன் பதின்ம வயதில் இருங்காட்டுக்கோட்டையில் தன் முதல் பந்தயத்தை ஓட்டினான், ஃபார்முலா மாருதியில். முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறினான். பிறகு பிரான்சில் பயிற்சி, இங்கிலாந்தில் பந்தயங்கள், 1996இல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நின்ற முதல் இந்தியர்.

அதே வருடம் ஜூன் 19ஆம் தேதி அமெரிக்காவில் இண்டியனாபோலிஸில் நான்காம் இடம், ஐந்து புள்ளிகள். நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், அன்று மிச்செலின் டயர் போட்ட அணிகள் எல்லாம் பாதுகாப்பில்லை என்று விலகிவிட, ஓடியது ஆறே கார்கள். இதைச் சொல்லி நரேனைக் கிண்டல் செய்வது நம்ம ஊரில் ஒரு வழக்கம். ஆறு பேரில் ஒருவராக அங்கே நிற்பதற்கு முன்னால் எத்தனை படி ஏறியிருக்க வேண்டும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. முதல் படியில் இருந்தது ஒரு மாருதி இன்ஜின்.

நரேன் மட்டும் இல்லை. 2000இல் சென்னையைச் சேர்ந்த பதினாறு வயது கருண் சந்தோக் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில். அவர் 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள், இரண்டு பேருமே இந்தக் காரில் இருந்து போனவர்கள். தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் இன்னொருவர், நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். அஜித் குமார் 2000களின் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதியில் ஓட்டியிருக்கிறார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் வந்தபோது, அங்கே வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் தளத்துக்கே போய்க் கத்திவிட்டு வந்து வாட்ஸ்அப்பில் வீடியோவாகக் கொட்டினார்கள். அந்த வீடியோக்களில் இருந்த ஒருவருக்கும் கரிவரதன் பெயர் தெரிந்திருக்காது. எங்களுக்கே தெரியாதபோது அவர்களைச் சொல்லி என்ன?

கரி இதில் எதையும் பார்க்கவில்லை. 1995 ஆகஸ்டில் ஒரு சிறு விமான விபத்தில் இறந்து போனார். வயது 41. நரேன் ஆசிய சாம்பியன் ஆனது அடுத்த வருடம், ஃபார்முலா ஒன் போனது பத்து வருடம் கழித்து.

கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகும் வருடக்கணக்கில் புதுப் பையன்கள் அதில்தான் ஏறினார்கள். ஸ்பெஷலாக ஒன்றே ஒன்று செய்திருந்தால் அது அவரோடு நின்றிருக்கும், அல்லது ஏதாவது மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்திருக்கும். 2003இல் கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் தளம் ஒன்று கட்டினார். அதற்குக் கரியின் பெயரை வைத்தார்கள். அதன் வாசலில் நின்றுதான் நாங்கள் கறிக்குழம்பு ஜோக் அடித்தோம்.

இனி கொஞ்சம் சண்டைக்கு வருகிறேன்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவில் இரவுப் பந்தயம் நடந்தது. நேப்பியர் பாலத்தின் மேல் கார்கள் பறந்ததை டிவியில் பார்த்து நானும் கை தட்டினேன். இந்தியாவில் இரவில், தெருவில் நடந்த முதல் கார் பந்தயம், நம்ம ஊரில். அதன் முக்கியமான இரண்டு பந்தயங்களில் ஓடிய கார்கள் எவை? இந்திய ஃபார்முலா 4இல் பிரான்ஸ் நாட்டு மைகேல் சேஸிஸ், அதற்கு ஆல்பின் இன்ஜின். இந்தியன் ரேஸிங் லீக்கில் இத்தாலி நாட்டு உல்ஃப் கார், அதற்கு ஏப்ரிலியா இன்ஜின். சோழவரத்தில் மல்லையாவின் என்சைன் நின்ற இடத்துக்கே சுற்றி வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

இதை அணித் தலைவனிடம் சொன்னேன். அவன் விடவில்லை. "ஏன்டா, 200 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால் உன் கோயம்புத்தூர் குழாய்ச் சட்டம் காப்பாற்றுமா? அந்த பிரெஞ்சு கார் கார்பன் ஃபைபர், உலக அமைப்பு விதிப்படி மோதிப் பார்த்துச் சான்று கொடுத்தது. எல்லாருக்கும் ஒரே கார்தான் அங்கேயும். அதில் ஜெயித்தால் ஃபார்முலா ஒன் லைசென்ஸுக்குப் புள்ளி கிடைக்கும். மாருதியில் ஜெயித்தால் கோப்பை கிடைக்கும், அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாதுகாப்பு விஷயத்தில் எனக்குப் பதிலே கிடையாது. ஆனால் அந்தக் காரில் ஒரு சீசன் ஓட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மூக்குப் பகுதி உடைந்தால் அது எங்கிருந்து வர வேண்டும்? அதைச் சரி செய்யத் தெரிந்த பையன் எந்த ஊரில் உருவாவான்? ஃபார்முலா மாருதி ஓட்டுநர்களை மட்டும் உண்டாக்கவில்லை. குழாய் வளைக்கிறவன், சஸ்பென்ஷன் கணக்குப் போடுகிறவன், இரவெல்லாம் இன்ஜின் பிரிக்கிறவன் என்று ஒரு கூட்டத்தையே உண்டாக்கியது. இன்றும் நாட்டில் எங்கே ரேஸ் நடந்தாலும் பிட்டில் கோவைத் தமிழ் காதில் விழுகிறது, "ஏனுங்க அந்த ஸ்பேனரைக் குடுங்க" என்று. அது பிரான்சில் இருந்து பெட்டியில் வந்த சரக்கு இல்லை.

இரண்டும் வேண்டும் என்று சொல்லி நாங்கள் சமாதானம் ஆகவில்லை. இன்னும் சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் காருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஊர் திரும்பிய மறுநாள் பின் இடது சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் பேடில் எண்ணெய். டிரைவ் ஷாஃப்ட் பக்கத்து சீலில் இருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. ஐம்பது ரூபாய் சீல்! மாட்டியவன் நான்தான், அதனால் வேறு யாரையும் திட்ட முடியவில்லை.

இந்த வருடம் ஜூனியர்கள் புது கார் செய்கிறார்கள். பழைய காரின் இன்ஜினைக் கழற்றிக்கொண்டார்கள், சட்டம் ஷெட்டுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறது. போன மாதம் ஒரு லாங் சைஸ் நோட்டில் நாங்கள் செய்த ஒவ்வொரு அளவையும், எந்தக் கடையில் எது வாங்கினோம், எது உடைந்தது, எது ஒழுகியது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். 92 பக்கம் வந்தது. வாங்கிப் புரட்டிப் பார்த்த இரண்டாம் வருடப் பையன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, இதே கார மறுபடி செய்யச் சொல்றீங்களா?"

"ஆமாடா," என்றேன். "சீல் மட்டும் புதுசா போடு."